கொள்ளிடத்து மடுவும் இரண்டு பிரான்சிஸ் டேயும்

இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றி பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட அறிக்கையை இரண்டு வாரமாக வாசித்துக்கொண்டிருந்தேன். சென்னைப் பட்டணத்துக்கு 1639இல் இடம் பார்த்த அந்த பிரான்சிஸ் டே இல்லை இவர். இருநூறு வருஷம் பிந்தியவர். 1852இல் மதராஸ் ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்து, மீன் மேல் பித்துப்பிடித்து, 1871இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனவர். நம் ஆற்று மீனைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் சுற்றி வளைத்து இவரிடம்தான் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய 'இந்திய மீன்கள்' நூலின் படத்தட்டுகளை இன்றைக்கும் அடையாளம் காணப் பயன்படுத்துகிறார்கள். உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தார். அந்த மனிதரின் உழைப்பில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் சண்டை 1873 அறிக்கையோடுதான்.

சண்டைக்குக் காரணம் ஊர். நான் திருமானூர்ப் பக்கம். கொள்ளிடத்தின் வடகரை. அரியலூர் மாவட்டத்துக்குத் தெற்கு எல்லை கொள்ளிடம், வடக்கு எல்லை வெள்ளாறு. பச்சைமலையில் கிளம்பி பெரம்பலூர் வழியாக வருகிற மருதையாறு கடைசியில் கொள்ளிடத்தில் விழுகிறது. மூன்றும் ஆறுதான், ஆனால் மூன்றிலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. கொள்ளிடம் என்ற பெயருக்கே வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றுதான் பொருள் சொல்வார்கள். காவிரியில் மிஞ்சினது இங்கே வரும். ஆடி, ஆவணியிலோ ஐப்பசி, கார்த்திகையிலோ கரை தொட்டு ஓடும். மாசி, பங்குனிக்கு மேல் மணல், மணல், நடுவில் அங்கங்கே மடு. அணைக்கரையில் கீழணைக்கு மேல்புறம் மட்டும் தேங்கல் தண்ணீர் நிற்கும். இப்படிப்பட்ட ஆற்றில் மீன்பிடிப்பு என்பது தண்ணீர் இருக்கிற காலத்து வேலை என்பதை விட, தண்ணீர் போகிற காலத்து வேலை. எங்க ஊர்ல "மீன் பிடிக்கலாமா"ன்னு யாரும் கேக்கமாட்டாங்க. "மடு எவ்வளவு வத்திருக்கு"ன்னுதான் கேப்பாங்க.

இனி அறிக்கைக்கு வருவோம். டே சொல்வதன் சாரம் இது: இந்திய நன்னீர் மீன் அழிந்துகொண்டிருக்கிறது. காரணம், மக்கள் கண்மண் தெரியாமல் பிடிக்கிறார்கள். கொசுவலை மாதிரி சிறுகண் வலை போடுகிறார்கள், வாய்க்காலிலும் வயல் மடையிலும் பறி வைத்துக் குஞ்சுகளை அள்ளுகிறார்கள், ஓடையை அணைத்து இறைக்கிறார்கள், நஞ்சு கலக்கிறார்கள். பழைய அரசுகள் காலத்தில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டு ஒருவித ஒழுங்கு இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி பல இடங்களில் அதைத் திறந்துவிட்டதும் ஆளாளுக்கு இறங்கிவிட்டார்கள். ஆகவே வலைக்கண்ணுக்கு ஒரு கீழ் எல்லை வேண்டும், குஞ்சு பிடிக்கும் பொறிகளைத் தடைசெய்ய வேண்டும், அணைகளில் மீன் ஏற வழி வைக்க வேண்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் அவர் எப்படித் திரட்டினார் என்பதில்தான் எனக்கு உறுத்தல். நேரில் நிறைய அலைந்தார், உண்மை. கூடவே மாகாணங்கள் முழுக்க அதிகாரிகளுக்குக் கேள்வித்தாள் போயிற்று. வெள்ளைக்கார கலெக்டர்கள், நம்மூர் தாசில்தார்கள் பதில் எழுதினார்கள். கேள்விகள் பெரும்பாலும் வலை, கண்ணின் அளவு, சந்தைக்கு வரும் மீன், மீனவர் எண்ணிக்கை பற்றியவை. தாசில்தார் சந்தையைப் பார்ப்பார், கூடையில் விரல் நீளக் குஞ்சு கிடப்பதைப் பார்ப்பார், "சின்ன மீன் நிறையப் பிடிக்கிறார்கள்" என்று எழுதுவார். அந்தக் கூடை எந்த மாதத்தில், எந்த மாதிரித் தண்ணீரிலிருந்து வந்தது என்பதை அவர் ஏன் விசாரிக்கப் போகிறார்? இந்த அறிக்கையில் மீனவர் குற்றம் சாட்டப்பட்டவராக வருகிறார். சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் தாசில்தார்.

மாதம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல ஒரு சின்னச் சுற்று சுற்றவேண்டும். பனி மூடிய ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற காணொலிகளைப் பார்த்திருப்பீர்கள். ஃபின்லாந்து, ரஷ்யா, அமெரிக்காவின் மினசோட்டா என்று வீட்டுக்குப் பக்கத்து ஏரியில், ஆற்றின் தேங்கலில், முக்காலி போட்டு உட்கார்ந்து குழிக்குள் தூண்டில் விடுகிறார்கள். எனக்கு அதில் பிடிப்பது மீன் இல்லை, கணக்கு. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி அடைகிறது. அதனால் மேலே பனி உறைந்தாலும் அடியில் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும், மீன் அங்கே ஒதுங்கும். ஆனால் மேலே மூடி விழுந்துவிட்டதால் காற்று கலக்காது. ஆழமில்லாத ஏரியாக இருந்து குளிர்காலமும் நீண்டுவிட்டால் பிராணவாயு தீர்ந்து மீன் கூட்டமாகச் செத்துப்போகும். அந்த ஊர்க்காரர்களுக்கு எந்த ஏரி குளிரைத் தாங்கும், எது தாங்காது என்பது அத்துப்படி.

நம்மூரில் இதே நெருக்கடி வைகாசியில் வருகிறது. மடு சுருங்கச் சுருங்க மீன் நெருங்கும், தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். வித்தியாசம் என்னவென்றால், மேலே மூடி கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் நம் மீன்களில் பாதி உயிர் வாழ்கின்றன. விராலும் குறவையும் தலைக்குள் இருக்கும் காற்றறையால் நேரடியாகக் காற்றை மொண்டு குடிப்பவை. தேளிக்கு உடம்பின் நீளத்துக்கு இரண்டு காற்றுப்பை உண்டு. பனையேறிக் கெண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொள்ளிட முகத்துவாரத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடியில், பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் 1797இல் அச்சிட்ட குறிப்பு உலகம் பூராவும் அதற்குப் பெயர் வாங்கித்தந்தது. விரால் பனி ஏரியில் இருந்தால், குளிரை விடுங்கள், மூடிக்குக் கீழே மூச்சு முட்டியே செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகும் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் விராலுக்கு அது நடக்கும்.

இதை நிரூபித்துக் காட்டியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம்ம பிரான்சிஸ் டேதான். விராலை மேலே வரவிடாமல் தடுத்தால் என்ன ஆகும் என்று அவரே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆசியாவின் தரைநீர் வாழ் மீன்களைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் கட்டுரையே எழுதினார். ஏரி வற்றியபின் சேற்றுக்குள் மீன் புதைந்து கிடப்பதையும், மழை விழுந்ததும் எழுந்து வருவதையும் பதிவுசெய்தவர் அவர். அதாவது, வற்றுகிற தண்ணீரில் எந்த மீன் பிழைக்கும், எது பிழைக்காது என்று அன்றைக்கு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் இவரளவு தெரிந்தவர் மிகச் சிலரே. அந்த விஞ்ஞானி டே, அறிக்கை எழுத உட்கார்ந்த அதிகாரி டேயிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

பேசியிருந்தால் என்ன மாறியிருக்கும்? மடுக்களை இரண்டாகப் பிரித்திருப்பார். ஊர்க்காரர்கள் அப்படித்தான் பிரிக்கிறார்கள். ஒன்று, சித்திரை வைகாசியில் வற்றியே தீரும் பள்ளம். அதில் கிடக்கிற கெண்டை, கெளுத்தி, அயிரை எல்லாம் பிடித்தாலும் போகும், பிடிக்காவிட்டாலும் கொக்குக்கும் பருந்துக்கும் போகும். அதில் சிறுகண் வலை போட்டால் அடுத்த வருஷத்துக்கு நஷ்டம் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்று கசம். எந்தக் கோடையிலும் வற்றாத ஆழம். கரையோரப் பாறை அடியிலோ, வெள்ளம் சுழித்துத் தோண்டிய திருப்பத்திலோ இருக்கும். ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது ஆறு முழுக்கப் பரவப்போகிற விதைமீன் இங்கேதான் கிடக்கிறது. பக்தியோ பயமோ, பல கசங்களில் யாரும் இறங்குவதில்லை. சுழல் இழுக்கும் என்பார்கள், சாமி இருக்கு என்பார்கள். அணைக்கரைப் பக்கம் முதலை நிஜமாகவே இருக்கிறது, அங்கே சாமி தேவைப்படவில்லை.

வற்றும் பள்ளத்தில் வேலை நடக்கிற விதமே தனி. கலங்கிய குட்டையில் மீன் பிடிக்கிறது என்று அரசியல் கட்டுரைகளில் எழுதி எழுதி அதை வெறும் வசையாக்கிவிட்டோம். அது ஒரு நேரடியான தொழில்முறை. பத்துப்பேர் இறங்கி மிதித்துக் கலக்கினால் சேறு செவுளை அடைக்கும், மீன் மேலே வரும். விரால் மட்டும் வராது, சேற்றில் செருகிக்கொள்ளும். அதற்குத்தான் ஊத்தா. மூங்கில் சிம்பால் பின்னிய, அடி அகன்று தலை குறுகிய கூடு. சேற்றில் குத்திக் குத்தி நடக்கவேண்டும்; உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் இடிப்பது கைக்குத் தெரியும், மேல் ஓட்டை வழியாகக் கைவிட்டு எடுக்கவேண்டும். பனிக் குழிக்குள் தூண்டில் விடுகிறவருக்கும் ஊத்தாவுக்குள் கைவிடுகிறவருக்கும் நடுவில் எட்டாயிரம் கிலோமீட்டர் இருக்கலாம், செய்கிற காரியம் ஒன்றுதான்: தண்ணீர் சுருங்கியதால் ஒதுங்கிய மீனை ஒரு ஓட்டை வழியாகத் தேடுவது. தேளி மாட்டியிருந்தால் முள் குத்தும். ராத்திரி முழுக்கக் கடுக்கும். என் சித்தப்பா ஊத்தாவுக்குள் கைவிடும் முன் சிம்பில் இரண்டு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்பார். "விராலு மோதுனா தொம்முனு கேக்கும்டா தம்பி, தேளி சலசலங்கும்" என்பார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

டேயின் கண்ணில் இந்தப் பள்ளமும் அழிவு, ஆடி வெள்ளத்தில் முட்டையோடு ஏறுகிற மீனைப் பறி வைத்துப் பிடிப்பதும் அழிவு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டார். இதற்குப் பின்னால் ஒரு ஆறு இருக்கிறது, அது நம்முடையது இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் சால்மன் ஆறு: வருஷம் முழுக்க ஓடும், குளிர்ந்த தண்ணீர், இன்ன மாதத்தில் மீன் ஏறும், இன்ன மாதம் தடைக்காலம், இதற்குக் கீழ் கண் வைத்த வலை கூடாது. டே ஊர் திரும்பியபின் 1887இல் பிரிட்டனின் சால்மன் குடும்ப மீன்களைப் பற்றி தனிப் புத்தகமே எழுதினார். அந்த ஆற்றில் ஒரு குஞ்சைப் பிடித்தால் வளர்ந்து வரவேண்டிய ஒரு மீன் குறைகிறது என்ற கணக்கு ஓரளவு சரி. கொள்ளிடத்தில் அந்தக் குஞ்சு எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று கேட்காமல் அந்தக் கணக்கைப் போட முடியாது.

அவர் சரியாகச் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். ஏறுமீனைப் பற்றி அவர் கவலை முழுக்க நியாயம். புதுத்தண்ணீரில் வயிறு நிறைய முட்டையோடு வாய்க்காலில் எதிர்த்து ஏறும் மீனை மடைக்கு மடை பறி வைத்து மறித்தால் கசத்தில் விதையைக் காப்பாற்றி என்ன பயன்? விரால் தன் குஞ்சுக்கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டு சுற்றும். சிவப்பாகத் திரண்டு மிதக்கும் குஞ்சுகளுக்கு அடியில் தாயோ தகப்பனோ நிச்சயம் இருக்கும். அதைக் குறிவைத்துத் தூண்டில் போடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அதை அழிவு என்று சொல்ல டே தேவையில்லை, எங்க சித்தப்பாவே சொல்லுவார்.

அதைவிடப் பெரிதாக அவர் சரியாகச் சொன்னது அணையைப் பற்றி. ஆர்தர் காட்டன் 1836இல் அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். உல்லம் மீன், வங்காளிகள் உயிரை விடுகிற அதே இலிஷ்தான், கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி முட்டையிட வந்துகொண்டிருந்தது. அணை குறுக்கே நின்றதும் அதற்கு வழி போயிற்று. ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைகள் மீனை என்ன செய்கின்றன என்பதை விசாரிக்கத்தான் டேயை முதன்முதலில் அனுப்பினார்கள். அந்தக் கேள்வியில் அவர் மழுப்பவில்லை. தன்னை வேலைக்கு வைத்த அரசாங்கத்தின் பெருமையான கட்டுமானத்தையே சுட்டிக்காட்டினார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு மரியாதை வந்தது.

ஆனால் அரசு அந்த அறிக்கையிலிருந்து தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டது. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்றது. வலைக்கண்ணையும் பொறியையும் கட்டுப்படுத்த விதி செய்துகொள்ளலாம் என்றது. நல்லதுதான். ஆற்றை மறித்து நின்ற பாசன அணை அப்படியே நின்றது. அணைகளில் மீன்வழி வைத்துப் பார்த்தார்கள். அந்த யோசனையும் சால்மனுக்கு யோசித்தது. சால்மன் துள்ளி ஏறும். உல்லம் துள்ளுகிற சாதி இல்லை. 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளத்தின் போக்கையே மாற்றியது, காவிரி உல்லத்தின் கதை முடிந்த மாதிரிதான். தேவநேசன் 1942இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கோதாவரி, கிருஷ்ணா, காவிரி அணைகள் உல்லத்தின் வாழ்க்கையை என்ன செய்தன என்று எழுதினார். கட்டி நூற்றியாறு வருஷம் கழித்து.

1873இன் பார்வை இன்றைய மீன்வளக் கையேட்டிலும் உட்கார்ந்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு தூரம் இழுக்கிறேன். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஜிலேபிக் கெண்டை வந்து, அங்கிருந்து எல்லா ஏரிக்கும் போனது. 1957இல் கட்டாக்கில் ஹிராலால் சவுத்ரி ஊசி போட்டுக் கெண்டை மீனை முட்டையிட வைத்தார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. அதன்பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஏரியில் விட்டு வளர்ப்பதுதான் உள்நாட்டு மீன்வளம் என்று ஆகிப்போனது. கையேட்டில் முதல் வேலை என்ன? குளத்தில் ஏற்கெனவே இருக்கிற 'களை மீன்'களை ஒழிப்பது. அந்தப் பட்டியலில் விரால், குறவை, கெளுத்தி, பனையேறி எல்லாம் வரும். ஒழிக்க, இலுப்பைப் புண்ணாக்கு ஹெக்டேருக்கு சுமார் 2,500 கிலோ. அது மீனுக்கு நஞ்சு. ஆற்றில் கிராமத்தான் நஞ்சு கலந்தால் சட்டம். குளத்தில் கையேடு கலந்தால் குளத் தயாரிப்பு. எந்தக் கோடையையும் சேற்றில் படுத்துத் தாண்டி வந்த மீனுக்குப் பெயர் களை! வயலில் புல்லைச் சொல்கிற வார்த்தையை எடுத்து விரால் மேல் ஒட்டினவரை ஒருநாள் சந்திக்க ஆசை.

குத்தகை முறையைப் பற்றி டே சொன்னதில் கொஞ்சம் விஷயம் உண்டு. நம் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது, ஏரி மீனுக்கான பாட்டம். அதில் வந்த பணம் ஏரியைத் தூர்வாரவே போன இடங்களும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, அவ்வளவு பெரிய ஏரியைக் கரை கட்டிக் காப்பாற்ற ஆண்டுக்காண்டு செலவிருந்திருக்கும். இன்றைக்கும் மீன்பாசிக் குத்தகை ஏலம் நடக்கிறது. ஏலப்பணம் அந்த ஏரிக்கே திரும்புகிறதா என்று கேட்டால் கூட்டத்தில் யாராவது இருமுவார்கள், அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம்.

டேயைத் திட்டுவதால் இன்றைய மீன்பிடிப்பெல்லாம் சொக்கத்தங்கம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்வெர்ட்டரும் பேட்டரியும் தூக்கிக்கொண்டு மடுவில் மின்சாரம் விடுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அதற்கு வற்றும் பள்ளம், கசம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. முட்டையும் குஞ்சும் தவளையும் சேர்ந்தே போகும். மணல் அள்ளியதில் கொள்ளிடத்தில் மடுக்களின் கணக்கே குழம்பிப்போனது. பழைய கசம் தூர்ந்திருக்கும், நேற்று இல்லாத இடத்தில் இருபது அடிக் குழி இருக்கும். ஊரில் வயசானவர்களுக்கே இப்போது எந்தப் பள்ளம் வைகாசியைத் தாண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. ஒழுங்கு வேண்டும் என்பதில் டேயும் நானும் ஒரே கட்சி. வலைக்கண்ணை அளப்பதற்கு முன்னால் கசத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறேன். கரைவெட்டி ஏரிக்கு 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது, பறவைக்காக. எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது என்று எண்ணி எழுத ஆள் இருக்கிறார்கள். அந்தப் பறவைகள் தின்னுகிற மீன் கோடையில் எந்த மூலையில் கிடக்கிறது என்று அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டால் என்ன?

அறிக்கையை முடித்த வாரம் அணைக்கரைக்குப் போயிருந்தேன். பாலத்தோரம் ஆற்று மீன் விற்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூடையில் ஜிலேபிதான் அதிகம், கொஞ்சம் கட்லா, கெளுத்தி, ஒரு அண்டாவில் உயிரோடு நாலைந்து விரால் வாயைத் தூக்கித் தூக்கிக் காற்றுக் குடித்துக்கொண்டிருந்தன. "உல்லம் வருமாக்கா?" என்று கேட்டேன். மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உல்லமா? அது கடல் மீனாச்சே தம்பி. ஆத்துல எங்க கெடைக்கும்?"

விரால் கிலோ என்ன விலை என்று கேட்டேன். சொன்னதைக் கேட்டுவிட்டு ஜிலேபி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.